பழந்துருத்தியும் புதுமதுவும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணாக்கர் மோட்டார் வண்டியின் எரிபொருளைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தால் அன்பர் சிலர் நகைப்பர் என்பதை யாம் அறிவோம். அளபெடையையும் ஆகுபெயரையும் ஆராய வேண்டியவர்க்குக் கார்புரேட்டரில் என்ன வேலை என்று விடுதித் தோழர் ஒருவர் எம்மை வினவவும் செய்தார். அவர்க்கு யாம் கூறிய விடை இது: ஒரு சொல் தன் பொருளை மாற்றிக்கொண்டால் அதனைக் கண்டு கூறுதல் தமிழ் மாணாக்கர் கடன், 'பெட்ரோல்' என்னும் சொல் நம் கண்முன்னே பொருள் மாறிவிட்டது. அப்பெயரால் இன்று நம் நாட்டுப் பங்குகளில் ஊற்றப்படுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்னும் எரிசாராயம். பெயர் மாறவில்லை, ஊற்றும் குழாய் மாறவில்லை, விலையும் குறையவில்லை. உள்ளிருக்கும் பொருள் மட்டும் மாறிற்று.

இந்த எரிபொருளை எண்ணியே வடித்துச் செய்த புது வண்டிகளுக்கு இஃது ஒரு பொருட்டன்று. முதுமையடைந்த வண்டிகளையும், விரைவுக்கென்றே முடுக்கி அமைத்த வண்டிகளையும் இம்மாற்றம் வெவ்வேறு வகையில் தொடுகின்றது. அவ்விரு வகையும் எம் சுற்றத்தாரிடமே இருப்பதால், ஓராண்டாக எம் வீட்டுத் திண்ணையில் இதைப் பற்றிய வழக்கு ஓயவில்லை. அவ்வழக்கில் யாம் கேட்டனவும் கண்டனவும் கற்றனவுமே ஈண்டு எழுதப்படுகின்றன.

சாராயத்தை எரித்து எந்திரம் ஓட்டுதல் நேற்று முளைத்த புதுமையென்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. இங்கிலாந்தில் கிளீவ்லாந்து டிஸ்கால் என்னும் பெயரால் சாராயங் கலந்த பெட்ரோல் 1928 முதல் நாற்பது ஆண்டளவும் விற்கப்பட்டது. நம் நாட்டில் விடுதலைக்கு மறு ஆண்டிலேயே, 1948இல், இந்திய எரிசாராயச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தை 2000ஆம் ஆண்டில் நீக்கினார்கள். நீக்கிய மூன்றாம் ஆண்டில், 2003இல், தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால் கலக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அரசியலார் நினைவாற்றலுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டா. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால் வருந்திய பிரேசில் நாடு 1975இல் தன் சாராயத் திட்டத்தைத் தொடங்கி, 1979இல் சாராயத்தால் மட்டுமே ஓடும் பியட் 147 வண்டியையும், 2003இல் எவ்விகிதக் கலவையையும் ஏற்கும் வோக்ஸ்வாகன் கோல் வண்டியையும் வெளியிட்டது. 2025 ஆகஸ்டு முதல் அங்குப் பெட்ரோலில் நூற்றுக்கு 30 பங்கு எத்தனால் கலக்கின்றனர். எரிபொருளை மாற்றுந்தோறும் வண்டியையும் உடன் மாற்றிக்கொண்டே சென்றமை அந்நாட்டின் சிறப்பு. நாமோ 2022 ஜூன் மாதத்தில் நூற்றுக்குப் பத்து என்னும் அளவை எட்டி, 2030க்கென்று முதலிற் குறித்திருந்த நூற்றுக்கு இருபது என்னும் அளவை 2025லேயே எட்டிவிட்டோம். பாராட்டத்தக்க விரைவுதான்; ஆயினும் தெருவில் ஓடும் வண்டிகளுக்கு அவ்விரைவில் வயது குறையவில்லை.

எத்தனாலின் இயல்பு சிலவற்றை அறியாமல் மேலே செல்லுதல் இயலாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மட்டுமே. ஆகவே இருபது பங்கு கலந்த இ20 எரிபொருளில் லிட்டருக்கு ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு ஆற்றல் குறைகின்றது. இதில் மறைவொன்றுமில்லை, 2021இல் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, தூய பெட்ரோலுக்கென்று அமைந்த நாற்சக்கர வண்டிகளில் நூற்றுக்கு ஆறு ஏழு அளவு எரிபொருட் சிக்கனம் குறையும் என்று கூறியுள்ளது. அடுத்து, எத்தனால் தன்னுள்ளேயே உயிர்வளியைக் கொண்டது. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். மூன்றாவது, பெட்ரோலும் நீரும் என்றும் சேரா. எத்தனாலோ நீரைக் கண்டால் எவ்வளவாயினும் தழுவிக்கொள்ளும். நான்காவது, அது நல்ல கரைப்பான். பழைய படிவுகளைக் கரைக்கும். பழைய ரப்பரை உப்பச் செய்யும். இவை பழைய வண்டிக்குத் தீமையாவன. நன்மையாவனவும் உண்டு, அவற்றைக் கோவை அண்ணன் கூற்றாகப் பின்னர்க் கூறுவோம்.

எம் பாட்டனார் கடலூரில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டு காத்திருந்து 1981இல் அவர் பெற்ற பிரீமியர் பத்மினி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. இத்தாலி நாட்டு பியட் 1100 வண்டியின் வழித்தோன்றலாகப் பம்பாய்க் குர்லாவில் செய்யப்பட்ட வண்டி அது, 1089 சி.சி. எந்திரம்; சோலெக்ஸ் கார்புரேட்டர்; 1974இல் சூட்டப்பெற்றது பத்மினி என்னும் பெயர். அவ்வகை வண்டி செய்தலை நிறுத்தி இருபதாண்டுக்கு மேலாயிற்று. மும்பைத் தெருக்களில் வாடகைக்கு ஓடிய பத்மினிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. எங்கள் வண்டி விடை பெறாமைக்குக் காரணம் பாட்டனாரும் அவருடைய குறிப்பேடுமே. வண்டி வாங்கிய நாள் முதல் ஊற்றிய ஒவ்வொரு லிட்டரையும், ஓடிய தொலைவையும், மாற்றிய உறுப்புகளையும் அவர் அதில் எழுதி வருகின்றார். இப்போது அது ஏழாவது ஏடு.

அவ்வேட்டைப் புரட்டினால் நாட்டின் எரிபொருள் வரலாற்றையே படிக்கலாம். 2000 பிப்ரவரிப் பக்கத்தில், 'இனி ஈயமில்லாப் பெட்ரோல்; வால்வுகளைக் கவனிக்க' என்று எழுதியிருக்கின்றார். எந்திரத்தில் தட்டல் எழாமற் காக்கும் பொருட்டுப் பெட்ரோலில் ஈயங் கலக்கும் வழக்கம் அம்மாதத்தில் நம் நாடெங்கும் நின்றது. அந்த ஈயம் வால்வு அமரும் இடத்திற்கு ஒரு மெத்தை போலவும் உதவி வந்தமையால், பழைய வண்டிக்காரர்கள் அன்றும் அஞ்சினார்கள். வண்டி பிழைத்தது. ஒரு செய்தியை இடையே கூறாதிருக்க இயலவில்லை: 1921இல் ஈயக் கூட்டுப்பொருளின் ஆற்றலைக் கண்டறிந்த அமெரிக்கர் தாமஸ் மிட்ஜிலி, சாராயமும் தட்டலைத் தடுக்கும் என்பதை நன்கறிந்தவர். அன்று ஒதுக்கப்பட்ட சாராயம் நூறாண்டு கழிந்து ஈயம் இருந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கின்றது.

பாட்டனாரின் கணக்கில், பத்தாண்டுக்கு முன் லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் ஓடிய வண்டி 2022இல் 12க்குச் சற்று மேல் ஓடிற்று, 2025இல் 11.6. வெறுங் கணக்காய்ப் பார்த்தால் இது பெரிய இழப்பன்று. ஓய்வூதியத்தில் வண்டி ஓட்டுபவர்க்குச் சிறிதுமன்று. எனினும் பாட்டனார் இதனைப் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுக்கலாகாதது அந்த நவம்பர் மாதத்தில் நேர்ந்தது.

எம் பாட்டியார்க்கு நெஞ்சு நோய் உண்டு. மாதம் ஒருமுறை புதுவையிலுள்ள மருத்துவரிடம் செல்லவேண்டும். அதற்கே வண்டி பெரும்பாலும் வெளிக்கிளம்பும். மற்ற நாட்களில் தகரக் கூரையின்கீழ் நிற்கும். கடலூரின் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. வடகிழக்குப் பருவத்திலோ கேட்கவே வேண்டா. மூன்று வாரம் மழையில் நின்ற வண்டி, அன்று காலை சிறிது தயங்கினாலும் கிளம்பிற்று. அரியாங்குப்பத்தை அணுகும்போது இருமுறை இருமிவிட்டு நின்றது. பின்னர் எவ்வளவு முயன்றும் அசையவில்லை. கொட்டும் மழையில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டியாரை உள்ளே வைத்துக்கொண்டு, யாமும் பாட்டனாரும் இரண்டு மணி நேரம் நின்றோம். மருத்துவர் குறித்த நேரம் கடந்தது. பாட்டியார் ஒரு சொல்லும் கூறவில்லை; மேல்மூச்சு மட்டும் வாங்கிற்று. பிறகு ஒரு ஆட்டோ கிடைத்தது.

வண்டியைக் கயிறு கட்டி மேஸ்திரியிடம் கொண்டு சேர்த்தோம். நாற்பதாண்டாய் எங்கள் வண்டியைப் பார்க்கும் அம்முதியவர், டாங்கின் அடியிலுள்ள திருகைக் கழற்றி எரிபொருளை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் வைத்தார். புட்டியினுள் இரண்டு அடுக்கு தெளிவாய்த் தெரிந்தது. மேலே இளமஞ்சள் நிறமுள்ள பெட்ரோல். கீழே சற்றே கலங்கிய, நீரோடு சேர்ந்த சாராயம். இரண்டிற்கும் இடையே கத்தியால் வெட்டினாற்போன்ற கோடு. வேதியியல் வகுப்பில் இதனைக் கண்டிருந்தால் யாமும் வியந்து மகிழ்ந்திருப்போம்.

இங்கு எத்தனாலுக்கு நேர்மை செய்தல் வேண்டும். சிறிதளவு ஈரத்தை அது தன்னுள் வாங்கிப் பெட்ரோலோடு எந்திரத்திற்கு அனுப்பி எரித்துவிடும். அவ்வகையில் டாங்கை உலர வைக்கும் ஏவலாளன் அது. ஆயினும் அது தாங்கும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. நூற்றில் ஒரு பங்களவு நீரே அவ்வெல்லையைக் கடக்கப் போதியதாகலாம். குளிர்ந்தால் எல்லை இன்னுங் குறையும். கடந்தவுடன், அதுவரை பெட்ரோலைத் தழுவியிருந்த எத்தனால் அதனைக் கைவிட்டு நீரோடு கூடி அடியில் இறங்கிவிடும். பழைய தூய பெட்ரோலில் நீர் புகுந்தால் அடியில் ஒரு கரண்டி நீர் கிடக்கும்; அவ்வளவே. இப்போதோ சாராயமும் நீருமாய் லிட்டர்க் கணக்கில் இறங்கும். எரிபொருள் உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அடியிலேதான்.

எங்கள் வண்டியில் நீர் புகுந்த வழி, டாங்கு மூடியின் உள்ளே கட்டிப்போய் வெடித்திருந்த ரப்பர் வளையம். மேஸ்திரி அதனை விரலால் நீவிக் காட்டி, "வாத்தியாரையா, சாராயத்தை மட்டும் குத்தஞ் சொல்லாதீங்க. தினம் ஓடுற வண்டியை இது ஒண்ணும் பண்றதில்லே, நிக்கிற வண்டியைத்தான் தின்னுது" என்றார். அந்த ஒரு சொல்லில் இவ்வாராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கின்றது என்று எமக்குத் தோன்றிற்று. நிற்கும் வண்டியை அது தின்ற சுவடுகளை அவர் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார். டாங்கிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாய் உட்புறம் உப்பி, கிள்ளினால் பிசுபிசுவென்று கையோடு வந்தது. எரிபொருள் பம்பின் உள்ளேயிருக்கும் மெல்லிய சவ்வு தொய்ந்து பை போலாகியிருந்தது. நாற்பதாண்டாய் டாங்கின் சுவரில் படிந்திருந்த பழுப்பு நிறப் பிசினைக் கரைப்பான் கரைத்துக் கொணர்ந்து வடிகட்டியில் திணித்திருந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் வெண்ணிறப் பூஞ்சை போன்ற அரிப்பு. நீர் சேர்ந்த சாராயம் துத்தநாகக் கலவையையும் அலுமினியத்தையும் அவ்வாறு அரிக்கும்.

பழந்துருத்தியில் புது இரசம் வார்ப்பதைப் பற்றிய உவமையை ஞாயிறு பள்ளியில் கேட்டவர்களுக்கு இவ்விடத்தில் அது நினைவுக்கு வராதிருக்காது. எமக்கும் வந்தது. உவமையிலே துருத்தி வெடிக்கின்றது. எங்கள் வண்டியிலே அது வெடிக்கவில்லை, ஒருவருக்கும் தெரியாமல் உப்பிற்று. வெடித்திருந்தால் முன்னரே அறிந்திருப்போம்.

இனிக் காற்றுக் கணக்கு. கார்புரேட்டருக்கு மூளை இல்லை. அதன் உள்ளே ஜெட் என்னும் பித்தளைத் துளை ஒன்று உண்டு. காற்று இழுக்கும் அளவுக்கேற்ப அத்துளை வழியே எரிபொருள் வரும். உள்ளே வருவது பெட்ரோலா சாராயமா என்று அது பாராது. இ20 எரிபொருளுக்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ காற்றே வேண்டும்; பழைய துளையோ 14.7 கணக்கில் துளைத்தது. ஆகவே நூற்றுக்கு எட்டுப் பங்கு எரிபொருள் குறைவாகச் செல்ல, கலவை மெலிகின்றது. மெலிந்த கலவையால் எந்திரம் சூடேறும், ஏற்றத்தில் திணறும், காலையில் கிளம்ப மறுக்கும். சோலெக்ஸ் ஜெட்டின்மேல் பொறித்த எண் துளையின் விட்டத்தைக் குறிப்பது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். எங்கள் வண்டியில் இருந்தது 120. மேஸ்திரி 125ஐ இட்டார். விட்டம் சிறிதே கூடினாலும் துளையின் பரப்பு நூற்றுக்கு எட்டரை கூடுகின்றது என்று யாம் தாளில் கணக்கிட்டுக் காட்டியபோது, அவர் சிரித்து, தாம் காதால் கேட்டே இட்டதாகக் கூறினார். ஒரு சிறு பித்தளைத் திருகில் கணிதமும் செவியும் ஒன்றுபட்டது கண்டு வியந்தோம்.

கோவையில் விரைவு வண்டிகளை முடுக்கி அமைக்கும் பட்டறையில் பணிபுரியும் எம் பெரியப்பா மகன், அண்ணன், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது இவ்வரலாற்றைக் கேட்டுச் சிறிதும் இரங்கவில்லை. "தாத்தா, நீங்க வையற அந்தச் சாராயம் எங்களுக்குத் தேன்" என்றார். அவர் கூறிய காரணங்கள் வலியன. எந்திரத்தின் உருளையினுள் கலவையை எவ்வளவு இறுக்கி அமுக்குகின்றோமோ அவ்வளவு ஆற்றல் பிறக்கும். அமுக்கம் மிகுந்தால், தீப்பொறியால் எழுந்த சுடர் வந்து சேருமுன்னரே எஞ்சிய கலவை தானாகப் பற்றிக்கொண்டு தட்டல் எழுந்து எந்திரத்தைச் சிதைக்கும். தட்டலைத் தாங்கும் வலிமையைக் குறிப்பது ஆக்டேன் எண். நம் நாட்டுச் சாதாரணப் பெட்ரோலுக்கு அது 91, இ20க்கு 95, தூய எத்தனாலுக்கோ 108 அளவு. அன்றியும் எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல் இரு மடங்குக்கும் மேலாக வெப்பத்தை உறிஞ்சி, உட்புகும் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்ந்தது. அடர்ந்த காற்றில் உயிர்வளி மிகுதி. டர்போ வைத்த எந்திரத்திற்கு இதனினும் வேறென்ன வேண்டும்? அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் 2007இல் வண்டிகள் எத்தனாலைக் கொண்டே ஓடின. அவ்வாண்டிலேயே சுவீடன் நாட்டுக் கோனிக்செக் நிறுவனம் வெளியிட்ட சி.சி.எக்ஸ்.ஆர். என்னும் வண்டி, 85 பங்கு எத்தனால் கலந்த எரிபொருளில் 1,018 குதிரைத்திறன் தந்தது. பெட்ரோலில் ஓடிய அதன் உடன்பிறப்பு தந்தது 806.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டனார், "அப்படியானால் என் பத்மினியும் விரைந்து ஓட வேண்டுமே, ஏன் ஓடவில்லை?" என்று வினவினார். நல்ல வினா. உயர்ந்த ஆக்டேன் எண் தானே ஆற்றல் தருவதில்லை. அதனைப் பயன்கொள்ள மிக்க அமுக்கமோ, டர்போவோ, முந்திய தீப்பொறியோ வேண்டும். எளிய அமுக்கத்தில் மெல்ல ஓடும் பழைய எந்திரத்திற்கு அது பல்லில்லாதவர்க்குக் கிடைத்த கரும்பு. இழப்பு மட்டும் முழுமையாய் வந்து சேரும்.

விரைவு வண்டிக்கும் இது முற்றும் தேனன்று என்பதை அண்ணனே பிறகு ஒப்புக்கொண்டார். ஒரே ஆற்றலுக்கு மிகுதியான எரிபொருள் வேண்டுமாதலால், 85 பங்கு எத்தனாலில் ஓட்டப் புகுவோர் பம்பையும் ஊசிக் குழல்களையும் பெரியனவாக மாற்றுதல் வேண்டும். நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாத கூடுதல் ஓட்டம் அவை தரவேண்டும். கணினி உள்ள வண்டியில் புகைக்குழாயிலுள்ள உணர்கருவி காற்றின் அளவைக் கண்டு எரிபொருளைச் சிறிது கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு இல்லாத மூளை அஃதே. ஆயினும் முழு விரைவில், பல வண்டிகளில், கணினி அவ்வுணர்கருவியின் சொற்கேளாமல் முன்னரே எழுதி வைத்த பட்டியலின்படி நடக்கும். எல்லைவரை முடுக்கிய வண்டிக்கு அந்நேரத்தில் கலவை மெலிந்தால் பிஸ்டன் துளைபடும். அதனால் அண்ணனின் பட்டறையில் எரிபொருளில் எத்தனால் எத்தனை பங்கு என்று அளந்தறிந்த பின்னரே பட்டியல் எழுதுகின்றார்கள். தாத்தாவும் பேரனும் அன்று ஒன்றுபட்ட இடம் இதுவே. இருவர்க்கும் வேண்டுவது, ஊற்றுவது இன்னதென்று அறிதல்.

இவ்வழக்கில் மூன்றாம் கட்சியாய் வந்தவர் எம் தாய்மாமன். திருக்கோவலூருக்கு அண்மையில் தென்பெண்ணைக் கரையில் இரண்டு காணிக் கரும்பு வைத்திருக்கின்றார். கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியதை யாம் பெருமையோடு எடுத்துக் கூறினோம். கொணர்ந்தவர்கள் ஆலைக்காரரிடமிருந்து பணம் வாங்கும் வழியையும் கூறிச் சென்றிருக்கலாம் என்று மாமா விடையிறுத்தார். அவர் கரும்பு கொடுத்த ஆலை இரண்டாண்டுப் பணத்தை நிலுவையில் வைத்திருந்தது. அதனால் எம் மாமன் மகளின் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது. அவ்வாலையில் சாராயம் வடிக்கத் தொடங்கிய பின்னரே நிலுவை கரையலாயிற்று. "உங்கள் வண்டிக்குழாய் உப்புகிறது என்கிறீர்கள், எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது" என்றார் மாமா. பாட்டனார் மறுமொழி கூறவில்லை. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு, அப்பணத்தில் ஒரு பகுதியையேனும் உழவர்க்குக் கொடுக்க எண்ணுவதில் பிழை என்ன? யாமும் பிழை காணவில்லை. ஆனால் மாமாவின் மகிழ்ச்சியும் உறுதியானதன்று. சர்க்கரை குறையுமென்று அஞ்சிய அரசு 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதைக் கட்டுப்படுத்திற்று. அதன்பின் மக்காச்சோளம் முந்திக்கொண்டது. மக்காச்சோளத்தின் விலை ஏற, நாமக்கல் கோழிப் பண்ணையார்க்குத் தீவனச் செலவு ஏறிற்று. ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை அடுப்புகளைத் தொடுகின்றது!

எம்மை வருத்துவது கலப்பன்று, கலந்த முறை. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் பத்துப் பங்கு எத்தனாலைப் பொதுவாக்கியபோது, உயர்தரப் பெட்ரோலில் ஐந்து பங்குக்கு மேற்படாமல் வைத்துப் பழைய வண்டிகளுக்கு ஒரு வழி விட்டார்கள். 2002க்கு முற்பட்ட வண்டிகள் பலவற்றுக்கு அது தகாது என்றும், 2011 முதல் செய்த எல்லா வண்டிகளுக்கும் தகும் என்றும் வெளிப்படையாகக் கூறி, எவ்வண்டிக்கு எது தகும் என்று மக்கள் பார்த்தறியவும் வழி செய்தார்கள். அமெரிக்காவில் பதினைந்து பங்கு எத்தனாலை 2001ஆம் ஆண்டு முதல் வெளிவந்த வண்டிகளுக்கே இசைந்து, குழாயின்மேல் அதனை எழுதியும் ஒட்டினார்கள். நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகளின் உறுப்புகள் இ20ஐத் தாங்குவனவாயின. அதற்கு முற்பட்ட வண்டிகளுக்கென்று தனியாக ஒரு குழாய் ஒதுக்கினாரில்லை. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கவேண்டும், கலந்த அளவைப் பங்குகளில் எழுதி வைக்கவேண்டும் என்று தொடுத்த பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பழைய வண்டிகளுக்குப் பெருந்தீங்கில்லை என்பது அரசின் கூற்று. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அது பெரும்பாலும் மெய்யே. எங்கள் மேஸ்திரியும் அவ்வாறே கூறினார். ஆனால் முதியவர்களின் வண்டிகள் நாள்தோறும் ஓடுவதில்லை. ஒரு ரப்பர்க் குழாயின் விலை சில நூறு ரூபாய். அதனை மாற்றவேண்டும் என்னும் செய்தியை முன்னரே ஒருவர் சொல்லியிருந்தால் அரியாங்குப்பத்தில் பாட்டியார் நனைந்திருக்க மாட்டார்.

வண்டியை இப்போது செப்பஞ் செய்துவிட்டோம். டாங்கைக் கழற்றிக் கழுவி உட்பூச்சுப் பூசினார்கள். குழாய்கள் எல்லாம் சாராயத்தைத் தாங்கும் வைட்டான் ரப்பர். பம்பின் சவ்வும் மூடியின் வளையமும் புதியன. வடிகட்டி கண்ணாடி போன்றது, அழுக்குச் சேர்ந்தால் வெளியே தெரியும். பாட்டனார் கூட்டம் மிகுந்த பங்கிலேயே எரிபொருள் வாங்குகின்றார். அங்கே நிலத்தடித் தொட்டியில் சரக்கு தேங்குவதில்லை. மழைக்காலத்தில் டாங்கை நிரப்பியே வைக்கின்றார். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். கடந்த மாதக் கணக்கு லிட்டருக்கு 11.8. அதன் கீழே சிவப்பு மையால் ஒரு கோடும் இட்டிருக்கின்றார்.

பாட்டியாரோ அந்நாளுக்குப் பின் அவ்வண்டியில் புதுவைக்குச் செல்ல இசையவில்லை. மாதந்தோறும் எம் தாயாரோடு பேருந்திலேயே போய் வருகின்றார். பழைய வண்டிகளைத் தேடி வாங்கும் ஒருவர் புதுவையிலிருந்து வந்து நல்ல விலை கேட்டார். பாட்டனார் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் மாலையில், போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லாமலே, எரிபொருள் தேங்காமலிருக்கும் பொருட்டு வண்டியைத் தேவனாம்பட்டினம் கடற்கரைவரை ஓட்டிச் சென்று, இருபது நிமிடம் எந்திரத்தை நிறுத்தாமல் வைத்திருந்து திரும்புகின்றார். விடுமுறையில் யாமும் உடன் செல்வதுண்டு. அந்த எட்டுக் கிலோமீட்டரையும் குறிப்பேட்டில் எழுதுகின்றார்.